பதின்மூன்றாவது நிமிடம்

மார்ச் 2 — ஸ்பார்க் பிளக், ஒன்று — 140
மார்ச் 9 — பெட்ரோல் குழாய் முக்கால் அடி, வடிகட்டி — 95
மார்ச் 16 — பாயின்ட் செட், கண்டென்சர் — 310
மார்ச் 23 — கார்புரேட்டர் ஊசி, ஜெட் — 265
மார்ச் 30 — இக்னிஷன் காயில், பழையது — 600
ஏப்ரல் 4 — ஸ்பார்க் பிளக், மறுபடியும் — 140
ஆக மொத்தம் — 1550

இவ்வளவு செலவு செய்த பிறகும் அந்த மோட்டார் சைக்கிள் புறப்பட்ட பதின்மூன்றாவது நிமிடத்தில் நின்றது. சில நாள் பதினொன்றில், சில நாள் பதினான்கில். சராசரி எடுத்தால் பதின்மூன்று. சராசரி எடுத்தவர் வண்டியின் சொந்தக்காரர். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். வயது ஐம்பத்தாறு, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. மனைவி வீட்டார் அவருக்கு வைத்த பெயர் பம்பரம். காதுபடவே அப்படித்தான் சொன்னார்கள். அவரும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

பம்பரத்துக்கு உட்காரத் தெரியாது. காலைத் தேநீரை வாசற்படியில் நின்றபடி குடிப்பார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் ஜன்னல் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். முடிதிருத்துகிறவர் அவரைக் கண்டாலே, "பத்து நிமிஷம் கல்லு மாதிரி இருக்கணும், சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத்தான் துணியைப் போர்த்துவார். மகள் கல்யாணப் புகைப்படங்கள் முப்பத்தெட்டில் அவர் முகம் ஒழுங்காக விழுந்தது இரண்டே இரண்டில். மற்றவற்றில் தோள், முதுகு, கதவைத் தாண்டிப் போகிற ஒரு கால்.

"உட்கார்ந்தா நாற்காலி கடிச்சிடுமா?" என்று மனைவி கேட்பார்.

"கடிக்காது. புடிச்சுக்கும்," என்பார் இவர்.

அப்படிப்பட்ட மனிதருக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைந்தது அந்த வேலை. இருபத்துநான்கு வருடமாக ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு. தெருவோரத்து இரும்பு மூடியைத் தூக்கி, சேற்றைத் துடைத்து, கண்ணாடிக்குள் தெரியும் எண்ணைக் குறித்துக்கொண்டு, மூடியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். எந்த இடத்திலும் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியதில்லை. அலுவலகத்திலிருந்து அவருடைய பகுதிக்குப் பதினொரு கிலோமீட்டர். அதற்குத்தான் வண்டி.

வண்டிக்கு வயது முப்பத்துநான்கு. அதில் இருபத்திரண்டு வருடம் இவர் கையில் இருந்தது. ஒருமுறைகூட மெக்கானிக்கிடம் விட்டதில்லை. தெரு குறுகல் என்பதால் இரவில் முன்னறைக்குள் ஏற்றி நிறுத்துவார். அறையின் ஒரு பக்கம் வண்டி, மறு பக்கம் மனைவியின் தையல் மிஷின். மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவர். வண்டிக்கு என்ன செய்தாலும் இவர் நீல அட்டை போட்ட நோட்டில் தேதியோடு எழுதிவிடுவார். ஆயில் மாற்றியது, செயின் இறுக்கியது, ஒரு நட்டு தொலைந்து அலமாரிக்கு அடியில் கிடைத்தது வரை அதில் இருக்கும்.

பிப்ரவரி 19, புதன்கிழமை, காலை எட்டு இருபதுக்கு வண்டி முதல் தடவை நின்றது. பெரிய சாலையில், பாலத்துக்கு முன்னால். எஞ்சின் இரண்டு முறை இருமியது, வேகம் குறைந்தது, அடங்கிவிட்டது. அவர் ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து, வண்டியைக் குலுக்கிப் பார்த்தார். முக்கால் டேங்க் இருந்தது. மூடினார். பிளக்கைத் தொட்டார், சுட்டது. இரண்டு நிமிடம் கழித்து உதைத்தார். பிடித்துக்கொண்டது. தூசு ஏதாவது அடைத்திருக்கும் என்று நினைத்து ஒரு வரி எழுதிவைத்தார்.

மறுநாளும் அதே போல நின்றது. அதற்கு மறுநாளும்.

எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 27 அன்று, அலுவலகத்திலிருந்து முதல் கடிதம் வந்தது. வெளிவேலை செய்கிறவர்கள் சொந்தப் பெயரில் பதிவான, ஓடும் நிலையில் உள்ள வண்டி வைத்திருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வாகன ஆய்வாளர் முன்னால் இருபது கிலோமீட்டர் நிற்காமல் ஓடிக்காட்ட வேண்டும். தேறாதவர்கள் உள்வேலைக்கு மாற்றப்படுவார்கள். இவருக்குக் கொடுத்த தேதி ஏப்ரல் 10.

உள்வேலை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். புகார் பிரிவு, நான்காம் ஜன்னல். மூன்று பக்கமும் பலகை, எதிரில் ஓட்டை போட்ட கண்ணாடி. காலை பத்து முதல் ஐந்தரை வரை அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். உருளை வைத்த நாற்காலிதான். ஆனால் நான்கு உருளையில் இரண்டைக் காணோம், அதனால் அதுவும் நகராது. முன்பு அங்கே இருந்தவர் விட்டுப்போன திண்டு ஒன்று, நடுவில் பள்ளம் விழுந்து, அப்படியே கிடந்தது. கடிதத்தைப் படித்ததும் பம்பரத்தின் கண் முன்னால் வந்தது அந்தப் பள்ளம்தான். இரண்டு வருடம், ஏறக்குறைய அறுநூறு வேலை நாள், அதில் உட்கார வேண்டும்.

புதிய வண்டி வாங்கும் நிலையில் அவர் இல்லை. மகள் கல்யாணக் கடன் பாதி நின்றது. ஓய்வு பெற ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருந்தால் அலுவலகம் வண்டிக் கடன் கொடுக்காது. ஆகவே இந்த வண்டி ஓட வேண்டும். ஏப்ரல் 10க்குள் ஓட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறை பட்டறையானது. பழைய செய்தித்தாளை விரித்து, கழற்றிய வரிசையிலேயே உறுப்புகளை இடமிருந்து வலமாக வைப்பார். ஒரு வாரம் ஒரு பகுதி உறுப்புகளைத்தான் மாற்றுவார்; இரண்டு பகுதியில் ஒரே நேரத்தில் கை வைத்தால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவர் கட்சி. பாயின்ட்டின் இடைவெளியை மெல்லிய தகடு விட்டு மூன்று தடவை அளந்தார். ஜெட்டின் துளையைத் தையல் ஊசியால் குத்தாமல், பிரஷ்ஷிலிருந்து பிடுங்கிய ஒற்றை மயிரால் சுத்தம் செய்தார். வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வேலை செய்கிறவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. ஒரு திருகைக் கழற்றுவார், எழுந்து வாசலுக்குப் போவார், திரும்பி வந்து அடுத்த திருகைக் கழற்றுவார்.

"நடந்துக்கிட்டே கழட்டினா வண்டிக்குத் தலை சுத்தும்ங்க," என்றார் மிஷினை மிதித்தபடி மனைவி.

"சூடாச்சுன்னா நிக்குது, ஆறினதும் ஓடுது. அப்ப கரண்ட் விஷயந்தான். காயில் சூட்டுல விட்டுப் போகுது. வேற என்னவா இருக்கும்?"

"என்னைக் கேட்டா? எனக்குத் தெரிஞ்ச மிஷினுக்கு எண்ணெய் விட்டாப் போதும்."

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. இந்த ஒரு வாக்கியத்தை அவர் மனதில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் அந்த ஆணியிலேயே போய்த் தொங்கியது. வண்டி நிற்கும்போதெல்லாம் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். திறக்கும்போது "ஸ்" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. சூட்டில் கிளம்பும் ஆவி என்று அதையும் அதே ஆணியில் மாட்டினார்.

மார்ச் 30 அன்று நடந்ததுதான் அவரை முழுசாக ஏமாற்றியது. பழைய சாமான் கடையில் தேடி எடுத்த காயிலை மாட்டினார். சோதித்துப் பார்க்க வேண்டும். அன்று டேங்கைக் கழுவிக் காய வைத்திருந்தார். அதனால் பிளாஸ்டிக் புட்டி ஒன்றின் அடியை வெட்டி, தலைகீழாக ஜன்னல் கம்பியில் கட்டி, அதிலிருந்து குழாய் வழியாகக் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் விட்டார். வாசலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டார்.

மனைவியின் தம்பி அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். நான்கு கட்டடம் தள்ளி பேட்டரிக் கடை வைத்திருப்பவர். வாயில் பூட்டு இல்லாத மனிதர்.

"என்ன அத்தான், குளுக்கோஸ் ஏத்துறீங்களா? டாக்டர் என்ன சொல்றாரு, பொழைக்குமா?"

"தள்ளி நில்லு மச்சான். மணி பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"பார்வையாளர் நேரம் எத்தனை மணி வரைக்கும்? ஆரஞ்சு ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?"

பதின்மூன்று நிமிடம் ஆயிற்று. இருபது, முப்பது. ஐம்பது நிமிடம் எஞ்சின் ஓர் இருமல் இல்லாமல் ஓடியது. அவரே கையால் அணைத்தார். நீல நோட்டில் "காயில்தான். முடிந்தது" என்று எழுதி அடிக்கோடு இழுத்தார். அந்த நோட்டில் அடிக்கோடு போட்ட வரி அது ஒன்றுதான். அன்று சாப்பாட்டை உட்கார்ந்தே முடித்தார். மனைவி அதைக் கவனித்தார். சொன்னால் எழுந்துவிடுவாரோ என்று சொல்லவில்லை.

மறுநாள் டேங்கை மாட்டிக்கொண்டு போனார். பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்றது.

அந்த வாரம் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டும் நிற்காமல் ஓடின, எதற்கென்றுதான் தெரியவில்லை. ஏப்ரல் 4 அன்று இன்னொரு பிளக் வாங்கினார். ஏன் வாங்கினார் என்று அவராலேயே சொல்ல முடியாது.

ஏப்ரல் 10, வியாழக்கிழமை. வாகன ஆய்வாளர் மெலிந்த, பொறுமையான ஆள். ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். பதின்மூன்றாவது நிமிடத்தில், ஒரு பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, எஞ்சின் இருமியது. பம்பரம் வண்டியை ஓரம் கட்டினார். பழக்கம் போல டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். ஆய்வாளர் இறங்கி வந்தார்.

"அடிக்கடி இப்படித்தானா?"

"இன்னையோட முப்பத்தேழு தடவை சார்."

"எண்ணி வேற வச்சிருக்கீங்களா?"

"தேதி, மணி, இடம் எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன்."

"அந்த நேரத்துல சரி பண்ணியிருக்கலாமே," என்றார் ஆய்வாளர். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அதிகமாகக் குத்தியது.

இரண்டாவது கடிதம் ஏப்ரல் 15 அன்று வந்தது. 21 முதல் நான்காம் ஜன்னல். முப்பது நாளுக்குள் ஒரே ஒரு முறை மறு ஆய்வு கேட்கலாம். அவர் மறுநாளே எழுதிக் கொடுத்தார். கடைசி நாளான மே 15 கிடைத்தது.

நான்காம் ஜன்னலில் முதல் நாள் அவர் பத்து முதல் பத்தேகால் வரை உட்கார்ந்தார். பிறகு எழுந்து, நின்றபடியே பேசத் தொடங்கினார். புகார் சொல்ல வந்தவர்களுக்கு அவருடைய சட்டைப் பொத்தான்கள் மட்டுமே தெரிந்தன. ஒரு பெரியவர், "ஆள் இருக்காங்களா, இல்லையா?" என்று சட்டையைக் கேட்டார். மூன்றாம் ஜன்னல்காரர் பலகைக்கு மேலே எட்டிப் பார்த்து, "கால் ஆட்டாதீங்க, என் மேசையில டீ அலை அடிக்குது," என்றார். கண்காணிப்பாளர் அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வந்து நின்றார்.

"உட்கார்ந்து வேலை பாருங்க. உங்களைப் பார்த்தா பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு."

"சரிங்கம்மா," என்று உட்கார்ந்தார். நாற்காலி பிடித்துக்கொண்டது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பகலெல்லாம் அடைத்துவைத்தது மாலையில் அவிழ்த்துக்கொண்டது. முன்னறையில் வண்டிக்கும் மிஷினுக்கும் நடுவே இருந்த ஆறடி இடத்தில் நடந்துகொண்டே இருந்தார். தைத்து அடுக்கிய சட்டைகளை இரண்டு தடவை தட்டிவிட்டார். நீல நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். வண்டி நின்ற தடவைகளைத் தனித்தாளில் எழுதி, மேடா பள்ளமா, வெயிலா மேகமா, எந்த கியர் என்று பிரித்தார். ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

பேட்டரிக் கடைக்காரர் ஒரு மாலையில் வந்து, பழைய இரும்புக்காரர் ஒருவர் நல்ல விலை சொல்கிறார் என்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் வச்சிருந்தீங்கன்னா வண்டி உங்களை வித்துடும் அத்தான்."

பம்பரம் நடப்பதை நிறுத்தினார். வாசலுக்கும் போகவில்லை. அப்படியே நின்றார். அதைப் பார்த்து மச்சினர்தான் பயந்துபோய்ச் சீக்கிரம் கிளம்பினார். வாசலில் அக்காவிடம் மட்டும், "என்னக்கா, அத்தான் நிக்கிறாரு," என்றார்.

"அதான் எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு," என்றார் அக்கா.

மே 4, ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறைக் குழாய் சொட்டியது. பம்பரம் முன்னறையில் கார்புரேட்டரை நான்காவது முறையாகக் கழற்றிக்கொண்டிருந்தார். மனைவி குழாய்க்கு அடியில் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏங்க, இந்தக் குழாய்க்கு வாஷர் போட்டு எத்தனை நாளாச்சு?"

"வீட்டு நோட்டுல இருக்கும், பாரு."

வீட்டுக்கு என்று தனி நோட்டு உண்டு. அட்டை பழுப்பு. கூரை ஒழுகியது, கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டது, குழாய், விளக்கு எல்லாம் அதில். மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தார்.

"பிப்ரவரி பதினாறு, ஞாயிறு. சமையலறைக் குழாய், வாஷர் ஒன்று. மூணு மாசங்கூட ஆகல, அதுக்குள்ள போயிடுச்சு, என்ன ரப்பரோ. அன்னைக்கே பின் கதவுத் தாழ்ப்பாள். அன்னைக்கே முன்னறையில வாடை, டேங்க் மூடிக்கு உள்ளே ட்யூப் ரப்பர், முழு வட்டம். வாடை நின்றது." மனைவி நோட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். "வண்டி சமாச்சாரம் வீட்டு நோட்டுல எதுக்குங்க?"

"வாடை வீட்டுல தானே அடிச்சுது," என்றார் இவர், ஸ்க்ரூ டிரைவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அது உண்மை. பிப்ரவரி நடுவில் சீருடைக் கடைக்காரர் இருபத்துநான்கு சட்டைகளைக் கட்டோடு திருப்பி அனுப்பியிருந்தார். துணியில் பெட்ரோல் வாடை என்று பெற்றோர் குறை சொன்னார்களாம். மனைவி எல்லாவற்றையும் துவைத்துத் தேய்த்துத் திரும்பக் கொடுத்தார், முகம் வாடிப்போய். அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் பழைய ட்யூபிலிருந்து வட்டமாக ஒரு ரப்பர் வெட்டி மூடிக்குள் அழுத்திப் பொருத்தினார். வாடை அன்றே நின்றது. அது வண்டிக்குச் செய்த வேலையாக அவருக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குச் செய்த வேலை. அதனால் வீட்டு நோட்டு. வண்டி நோட்டை எத்தனை தடவை புரட்டினாலும் அந்த வரி அதில் இருக்க வழியில்லை.

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. அவர் எழுந்தார்.

"தேதியை இன்னொரு தடவை படி."

"பிப்ரவரி பதினாறு."

நீல நோட்டில் வண்டி முதலில் நின்றது பிப்ரவரி 19. இடையில் இரண்டு நாளும் அவர் வாரக் கூட்டத்துக்கும் பயிற்சிக்கும் பஸ்ஸில் போயிருந்தார். அதுவும் எழுதியிருந்தது.

டேங்க் மூடியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ரப்பரை நகத்தால் நெம்பி எடுத்தார். மூடியின் நடுவில் ஊசி முனையளவு ஓட்டை. அதன் மேல்தான் ரப்பர் அழுத்தமாக ஒட்டியிருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றார் மனைவி.

"எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா என்ன ஆகும்?"

"கொஞ்சம் ஊத்தும், அப்புறம் நின்னுடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடணும், காத்து போறதுக்கு."

"அந்த இன்னொரு ஓட்டையை நான் அடைச்சுட்டேன்."

மனைவி மூடியையும் ரப்பரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காற்று உள்ளே போக வழியில்லாமல் பதின்மூன்று நிமிடத்தில் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். நின்றதும் இவர் மூடியைத் திறந்து பார்ப்பார், "ஸ்" என்று காற்று உள்ளே போகும், வண்டி ஓடும். ஆறினதால் ஓடவில்லை, திறந்ததால் ஓடியது. ஜன்னல் கம்பியில் கட்டிய புட்டிக்கு மூடியே இல்லை. அதனால்தான் அன்று ஐம்பது நிமிடம் ஓடியது. முப்பத்தேழு தடவையும் வண்டியைச் சரிசெய்தவர் அவர்தான், தெரியாமல்.

"தம்பிகிட்ட சொல்லாதே," என்றார்.

"நான் ஏன் சொல்றேன்," என்றார் மனைவி. சாயங்காலத்துக்குள் தம்பி வந்துவிட்டார்.

"அத்தான், அந்த ஆயிரத்தைந்நூத்தைம்பதை எந்த நோட்டுல எழுதுறது? வீட்டு நோட்டா, வண்டி நோட்டா?"

அன்று பம்பரம் சிரித்தார். அதற்கு முன்பே ஒரு மணி நேரம் பத்து நிமிடம் நிற்காமல் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

ரப்பரை எடுத்ததும் வாடை திரும்ப வந்தது. அதற்கு மனைவியே வழி சொன்னார். மிஷினை உள்ளறைக்கு மாற்றிவிடலாம். அங்கே ஜன்னல் சின்னது, கறுப்பு நூலும் நீல நூலும் ஒன்று போலத் தெரியும். பரவாயில்லை என்றார். இவர் அங்கே ஒரு குழல் விளக்கு மாட்டினார். மாட்டிய பிறகு அதை இடது பக்கம் நகர்த்தினார், கீழே இறக்கினார், மறுபடி ஏற்றினார். நான்காவது முறை ஏணியைத் தூக்கியபோது மனைவி, "எனக்கு வெளிச்சம் போதும்ங்க, நீங்கதான் கண்ணை மறைக்கிறீங்க," என்று சொல்லி ஏணியைப் பிடுங்கி வைத்தார்.

மே 15, வியாழக்கிழமை. அதே ஆய்வாளர், அதே சாலை. பன்னிரண்டாவது நிமிடத்தில் பம்பரத்தின் இடது கை தானாக டேங்க் பக்கம் போனது. அதை இழுத்து கிளட்ச்சில் வைத்தார். பதின்மூன்று. பள்ளிக்கூட வாசல் வந்தது, போனது. பதினான்கு. இருபது கிலோமீட்டரும் நாற்பத்தொரு நிமிடத்தில் முடிந்தன. எஞ்சின் ஒரு முறைகூட இருமவில்லை.

ஆய்வாளர் படிவத்தை ஸ்கூட்டர் இருக்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன கோளாறு இருந்துச்சு? காரணம்னு ஒரு கட்டம் இருக்கு."

"டேங்க் மூடியில காத்து ஓட்டை அடைப்பு. நானே ரப்பர் வச்சு அடைச்சிருந்தேன் சார்."

ஆய்வாளரின் பேனா நின்றது. "அப்படியே எழுதினா மேல இருக்கிறவங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க. 'பெட்ரோல் அடைப்பு'ன்னு போட்டுடட்டுமா? பொய்யும் இல்லை."

பம்பரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். அவர் வாழ்நாளில் நடக்காததை எழுதியதில்லை. நடந்ததில் பாதியை மட்டும் எழுதியதும் இல்லை.

"நடந்ததையே எழுதிடுங்க சார்."

எழுதிவிட்டு ஆய்வாளர், "கடிதம் வரும்," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் அவரை வாட்டி எடுத்தன. கண்காணிப்பாளர் அம்மாவின் மேசையில் தபால் கட்டு வந்து விழும் சத்தம் கேட்டால் கழுத்து தானாக நீளும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "ஏதாவது வந்துச்சா?" என்பார். ஒரு வாரம், இரண்டு வாரம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்ற நினைப்பு வேர் விட்டது. "பெட்ரோல் அடைப்பு" என்று இரண்டு வார்த்தை. அதில் என்ன குறைந்திருக்கும்? நாற்காலியின் திண்டில் பழைய பள்ளத்துக்குள் தன் அளவுக்கு ஒரு புதுப் பள்ளம் விழ ஆரம்பித்திருப்பதை ஒரு மதியம் கையால் தடவிப் பார்த்தார்.

"நான் சும்மா அந்த ரெண்டு வார்த்தையோட விட்டிருக்கலாம்," என்று ஒரு நாள் மனைவியிடம் சொன்னார்.

"விட்டிருந்தா இப்ப அதை நினைச்சு நடந்துக்கிட்டு இருப்பீங்க. எப்படியும் நடக்கத்தான் போறீங்க. அந்தப் பக்கமா நடங்க, நூல் அறுது."

நான்காவது வாரம். காலை பதினொன்றரை மணிக்கு நான்காம் ஜன்னல் முன்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். பம்பரம் உட்கார்ந்தபடி, தலையைத் தூக்காமல், ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். தண்ணீர் கலங்கல். மீட்டர் கண்ணாடி உடைசல். பில் இரண்டு தடவை. அடுத்தவர் வந்து நின்றார்.

"என்ன புகார்? வீட்டு எண் சொல்லுங்க."

"எங்க வீட்டுல ஒருத்தர் நிக்காம சுத்திக்கிட்டே இருக்காரு. அதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?"

அவர் நிமிர்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி. விரல் நுனியில் சீருடை நீலம். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய உறையைக் கிழித்துப் படித்துவிட்டு, மிஷினில் பாதி தைத்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்து வரிசையில் நின்றிருந்தார். பின்னால் நின்றவர், "சீக்கிரம்மா," என்றார். மனைவி கடிதத்தை ஓட்டை வழியாக உள்ளே தள்ளினார்.

ஒன்பது வரி. வண்டி தேறியது. பழுதுக்குச் சொந்தக்காரரே காரணம் என்று பதிவாகியிருப்பது கவனிக்கப்பட்டது. எதிர்காலத்தில் எச்சரிக்கையாக இருக்கவும். பழைய பகுதி வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. திங்கள் முதல் புறநகர்ப் பகுதி, கல் குவாரிக்கு அப்பால், போக வர ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். வீடுகள் தொண்ணூற்றிரண்டு, தூரம் தூரமாக.

அந்தப் பகுதியை யாரும் கேட்டு வாங்கியதில்லை. அங்கே அனுப்பினால் தண்டனை என்றே அலுவலகத்தில் பேச்சு. மூன்றாம் ஜன்னல்காரர் பலகைக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "அடப் பாவமே," என்றார்.

"ரொம்ப தூரமா இருக்கேங்க," என்றார் மனைவி, கண்ணாடிக்கு அருகில் குனிந்து. "முடியுமா?"

பம்பரம் அதற்குள் எழுந்து நின்றுவிட்டிருந்தார். அவருடைய சட்டைப் பொத்தான்கள்தான் தெரிந்தன. அந்த ஓட்டை வழியாக உள்ளே வரும் எந்தத் தாளுக்கும் முத்திரை வைக்க வேண்டும் என்பது புகார் பிரிவின் விதி. அவர் முத்திரைக் கட்டையை மையில் ஒற்றினார், கடிதத்தின் வலது மூலையில் நேராக வைத்து அழுத்தினார், எடுத்துப் பார்த்தார். எழுத்து தெளிவாக விழுந்திருந்தது.

பெறப்பட்டது: ஜூன் 12, வியாழன்.